தோல் புற்றுநோயைத் தேட உள்ளங்காலில் தொடங்குங்கள்

தோல் புற்றுநோய் வெள்ளைத் தோல்காரர்களுக்கு வருவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதில் பாதி உண்மை. மாநிறமும் கறுப்புமான தோலில் இருக்கும் மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால் இந்த நோய் நம்மிடம் குறைவு. மீதிப் பாதியைத்தான் பலரும் அறிவதில்லை: நம் தோலில் வரும்போது அது பல நேரம் வெயில் படாத இடத்தில் வருகிறது. உள்ளங்கால், கால் கட்டைவிரலின் நகத்தடி, சின்ன வயதில் சுட்டுக்கொண்ட தழும்பு, வருடக்கணக்கில் ஆறாத கால்புண், இடுப்பில் நாடா இறுகும் கோடு. இந்த இடங்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. கால் ஆணி, நகச்சுத்தி, சர்க்கரைப்புண் என்று ஒரு பெயர் வைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவுகிறோம். நோய் முற்றிய பிறகுதான் பெயர் மாறுகிறது.

ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்கு நடந்ததும் இதுதான். கால் கட்டைவிரலில் இருந்ததைக் கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். நகத்தடியில் வந்த மெலனோமா என்ற தோல் புற்று என்று 1977இல் தெரிந்தது. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார். அதனால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பாருங்கள் என்று சொல்கிறோம்.

முக்கியமான மூன்று வகை

மேல்தோலின் அடிவரிசையில் இருப்பவை பேசல் செல்கள். அதற்கு மேலே அடுக்கடுக்காகத் தட்டையாகிக்கொண்டு போகிறவை ஸ்குவாமஸ் செல்கள். அடிவரிசையில் ஆங்காங்கே அமர்ந்து நிறத்தைச் சுரப்பவை மெலனோசைட்டுகள். எந்தச் செல் கட்டுப்பாடு இழக்கிறதோ அதுவே புற்றின் வகை.

பேசல் செல் புற்று மெதுவாக வளரும். பெரும்பாலும் முகத்தில்தான் வரும்: மூக்கு, மூக்கோரம், கண்ணின் உள்மூலை, கீழ் இமை. பாடப்புத்தகப் படங்களில் முத்துப்போல் மினுங்கும் இளஞ்சிவப்புக் கட்டியாக இருக்கும். நம் தோலில் பல நேரம் அது கறுத்தோ பழுப்பாகவோ இருப்பதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். அடையாளம் அதன் ஓரத்தில் இருக்கிறது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பு சுருட்டிவைத்ததுபோல் உயர்ந்து பளபளக்கும். நடுவில் குழிந்து பக்கு கட்டியிருக்கும். பக்கு உதிரும், லேசாக ரத்தம் வரும், ஆறியதுபோல் தோன்றும், மறுபடி பக்கு கட்டும். இந்தச் சுழற்சி இரண்டு மூன்று தடவை நடந்தாலே மருத்துவரிடம் போய்விட வேண்டும். வேறு உறுப்புகளுக்கு இது பரவுவது அரிது. அதற்காக விட்டுவைத்தால் இருந்த இடத்திலேயே குருத்தெலும்பு, எலும்பு, கண்குழி என்று அரித்துக்கொண்டே போகும்.

ஸ்குவாமஸ் செல் புற்று கெட்டியாக இருக்கும், சொரசொரப்பாக இருக்கும், தொட்டால் ரத்தம் வரும். புண்ணாகிவிட்டால் அதன் விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்து தடித்திருக்கும். நடுவில் காலிஃபிளவர் போலச் சதை வளரலாம். கீழ் உதடு, காது மடல் ஆகிய இடங்களில் வெயிலுக்கும் பங்கு உண்டு. நம்மிடம் அதைவிட அதிகம் கவனிக்க வேண்டியவை தழும்புகளும் நாள்பட்ட புண்களும்தான். இது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது.

மெலனோமா மூன்றிலும் அரிது, மூன்றிலும் ஆபத்தானது. சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கினாலே நிணநீரிலும் ரத்தத்திலும் கலந்து நுரையீரல், கல்லீரல், மூளை வரை போய்விடும். கறுத்த தோலில் இது அதிகம் வருவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில். இந்த வகைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது ஒன்றே வழி.

மாதம் ஒரு முறை, பத்து நிமிடம்

குளித்துத் துவட்டியபின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆளுயரக் கண்ணாடி, கைக்கண்ணாடி, மி.மீ. கோடு போட்ட ஸ்கேல், சீப்பு, கேமரா உள்ள போன் இருந்தால் போதும். நெயில் பாலிஷை அழித்துவிடுங்கள். மருதாணி வைக்கிறவர்கள் கை, கால் கட்டைவிரல் நகங்களையாவது வெறுமையாக விடுவது நல்லது; நகத்தில் ஏறிய சிவப்பு, உள்ளே ஓடும் கோட்டை மாதக்கணக்கில் மறைத்துவிடும்.

முதலில் கால். செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்கும் வயலில் வேலை செய்கிறவர்களுக்கும் அழுக்கும் கறையும் பித்தவெடிப்புக்குள் ஏறி உள்ளங்காலே கறுத்திருக்கும். பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு மென்மையாகத் தேய்த்துக் கழுவுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் தண்ணீரின் சூட்டைக் காலால் சோதிக்கக் கூடாது. வீட்டில் வேறொருவர் கையை விட்டுப் பார்த்துச் சொல்லட்டும். வெளிக்கறை தேய்க்கத் தேய்க்க மங்கும். தோலுக்குள் இருக்கும் நிறம் அப்படியே நிற்கும்.

ஒரு காலைத் தூக்கி மறு தொடைமேல் வைத்துப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்கு மேலே பாதத்தைப் பிடிக்கலாம். குதிகால், முன்பாதத்தின் மேடு, உள்வளைவு, விரலிடுக்கு என்று ஒன்றும் விடக் கூடாது. கறுத்த தோல்காரர்களின் உள்ளங்காலில் இளம்பழுப்புப் புள்ளிகள் பல இருப்பது இயல்பு. தேட வேண்டியது, மற்றவற்றைப்போல் இல்லாத ஒன்றை: ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் பழுப்பு, ஓரம் மையை ஒற்றியதுபோல் கலைந்த ஒரு திட்டு. உள்ளங்காலில் 7 மி.மீ.க்கு மேற்பட்டதையும், பெரியவரான பிறகு புதிதாகத் தோன்றியதையும் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் அவர் பாதத்தின் ரேகைகளைப் பார்ப்பார். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் ரேகையின் பள்ளத்தில் ஓடும். மெலனோமாவின் நிறம் மேட்டில் ஓடும். இந்த ஒரு வித்தியாசம் பல பேரைத் தேவையில்லாத வெட்டிலிருந்து காப்பாற்றுகிறது.

வலியில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். ஆரம்பத்தில் வலிக்காததுதான் இதன் சூழ்ச்சி. நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. உள்ளங்காலில் இளஞ்சிவப்பாக, ஈரம் கசிந்து, எளிதில் ரத்தம் வரும் சதைமுண்டாக இருக்கும். கால் ஆணி என்று சொல்லி பிளேடால் சீவுவதும் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதும் இதற்குத்தான் அதிகம் நடக்கிறது. உண்மையான கால் ஆணி அழுத்தம் படும் இடத்தில், நடுவில் கண்ணாடிபோன்ற முளையோடு, அழுத்தினால் வலிக்கும்படி இருக்கும். சீவினால் சுலபத்தில் ரத்தம் வராது. சீவியதும் ரத்தம் கசிந்தால், உள்ளே கறுப்புத் தெரிந்தால், அத்தோடு நிறுத்திக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அடுத்து நகங்கள். நம்மில் பலருக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் நீளவாக்கில் இருக்கும். அது நிறத்தின் இயல்பு. ஒரே ஒரு நகத்தில், அதுவும் கட்டைவிரலில், புதிதாக வந்த கோடு வேறு விஷயம். அகலம் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல், இரு பக்க ஓரமும் தெளிவில்லை, அடிப்பக்கம் அகன்று நுனிப்பக்கம் ஒடுங்கியிருக்கிறது, நகம் நடுவே பிளக்கிறது — இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும். கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண்ணின் தோலிலும் படர்ந்திருந்தால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளவே கூடாது.

அடிபட்டு ரத்தம் கட்டியதா, வேறு ஏதாவதா என்று சந்தேகம் வந்தால் நகமே பதில் சொல்லும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும், கால் நகம் அதில் பாதி. நகத்தின் அடியிலிருந்து கறுப்பு தொடங்கும் இடம்வரை ஸ்கேலால் அளந்து, ஸ்கேல் தெரியும்படி படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். ஆறு வாரம் கழித்து அதேபோல் அளங்கள். ரத்தக்கட்டு என்றால் அது நுனியை நோக்கி நகர்ந்திருக்கும். அடியில் சுத்தமான நகம் முளைத்திருக்கும். நகராமல் அடியிலிருந்தே கறுப்பு தொடர்ந்தால் அது ரத்தக்கட்டு அல்ல. இந்தச் சோதனை அடிபட்டது நினைவில் இருக்கும்போதுதான் பொருந்தும். அடியே படாமல் வந்த கறுப்புக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்.

பிறகு மேலே வாருங்கள். கணுக்கால், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், தொடை, பிட்டம், பிறப்புறுப்பு, ஆசனவாய் ஓரம். கூச்சத்தால் இந்தக் கடைசி மூன்றையும் மருத்துவரிடம்கூட மறைக்கிறவர்கள் பலர். அங்கே வரும் ஆறாத புண்ணுக்கு வைரஸ் தொற்றும் காரணமாகலாம், சிகிச்சை உண்டு. இடுப்பில் வேட்டி முடிச்சு, பாவாடை நாடா, அரைஞாண் கயிறு தொடர்ந்து உரசும் கோட்டைத் தனியாகத் தடவிப் பாருங்கள். தோல் கறுத்துத் தடிப்பது பலருக்கும் உள்ளது. அந்தத் தடிப்பில் வெடிப்பும் புண்ணும் வந்து ஆறாமல் நிற்பதுதான் எச்சரிக்கை. வேட்டி கட்டும் கோட்டில் புற்று வருவதை மும்பையின் நோயியல் மருத்துவர் வி. ஆர். கனோல்கர் 1945ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். நாடாவை அகலமாக்குவதும், கட்டும் உயரத்தை அவ்வப்போது மாற்றுவதும் செலவில்லாத தடுப்பு.

வயிறு, மார்பகத்தின் அடிப்பக்கம், அக்குள், கை, உள்ளங்கை, விரலிடுக்கு, கழுத்து, முகம், காதின் பின்புறம், கீழ் உதட்டின் உள்ளும் புறமும் எல்லாம் பார்த்து முடித்தபின், தலைமுடியைச் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து உச்சந்தலையைப் பார்க்க வேண்டும். முதுகையும் தலையையும் வீட்டில் ஒருவர் பார்த்தால் கண்ணாடியோடு போராட வேண்டியதில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கைக்கு ஒரு முண்டு தட்டுப்படாமல் போகாது.

மச்சத்திடம் கேட்க வேண்டியவை

நடுவில் கோடு போட்டால் இரு பாதியும் ஒத்திருக்கிறதா? ஓரம் சீராக இருக்கிறதா, கிழிந்த வரைபடம்போல் இருக்கிறதா? ஒரே நிறமா, கறுப்பு, பழுப்பு, நீலம், சிவப்பு, வெளுப்பு எல்லாம் கலந்ததா? குறுக்களவு 6 மி.மீ.யைத் தாண்டுகிறதா? இந்த நான்கையும் விடப் பெரிய கேள்வி: மாறிக்கொண்டிருக்கிறதா? பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கும் பெரிய மச்சத்தைவிட, ஆறு மாதத்தில் மாறிய சின்ன மச்சம்தான் கவலை தர வேண்டும். கூட்டத்தில் ஒன்று மட்டும் தனித்துத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இந்தக் கேள்விகளுக்குச் சிக்காத ஒரு மெலனோமா உண்டு. வட்டமாக, ஒரே நிறத்தில், குமிழ்போல் எழும்பும். தொட்டால் கெட்டியாக இருக்கும், வாரத்துக்கு வாரம் வளரும். ஒரு மாதமாக விடாமல் வளரும் கெட்டிக் குமிழ் எந்த நிறத்தில் இருந்தாலும் காட்டப்பட வேண்டும். முதியவர்களின் தோலில் வலியில்லாமல் சிவப்பாகவோ ஊதாவாகவோ வேகமாகப் பெருகும் கட்டி மெர்க்கல் செல் புற்றாகவும் இருக்கலாம். அது அரிது, ஆனால் மூர்க்கமானது.

பழைய தழும்பும் ஆறாத புண்ணும்

இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். நம் ஊரில் தடுக்கக்கூடிய இழப்பு இங்கேதான் அதிகம். அடுப்பிலும் வெந்நீரிலும் பட்ட தீக்காயத்துக்கு ஒட்டுத்தோல் வைக்காமல் தானாக ஆறவிட்டால், தழும்பு இறுகி மெலிந்து கிடக்கும். முழங்கால், முழங்கை போன்ற மூட்டுகளில் அது நீட்டி மடக்கும்போதெல்லாம் வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். அந்த ஓயாத பழுதுபார்ப்பில் ஏதோ ஒரு கட்டத்தில் செல் வழி தவறுகிறது. 1828இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் விவரித்த புண்ணோடு சேர்த்து, இதை இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். காயம் பட்டதற்கும் புற்று வருவதற்கும் இடையே சராசரியாக 30 ஆண்டு ஆகும். ஐந்து வயதில் சுட்ட தழும்பு முப்பத்தைந்தில் கேட்கும். அதற்குள் அது உடம்பின் ஒரு பகுதியாகிவிடுவதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

நரம்பு சுருண்ட கால்களில் வரும் கணுக்கால் புண், தொழுநோயால் உணர்ச்சி போன பாதத்தின் புண், எலும்பில் சீழ் பிடித்து வருடக்கணக்கில் வடியும் துளை, சர்க்கரைப்புண் எல்லாவற்றிலும் இதே அபாயம் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை புற்றாவதில்லை. மாற்றம் வந்துவிட்டதற்கு அடையாளங்கள் இவை: தட்டையாக இருந்த விளிம்பு தடித்து வெளியே மடிகிறது, சதை பொங்கி வளர்கிறது, துணி மாற்றும்போது ரத்தம் வருகிறது, இதுவரை இல்லாத நாற்றம், இதுவரை இல்லாத வலி, தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும், புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவரிடம் பயாப்சி (சதைத்துண்டை எடுத்துப் பரிசோதிப்பது) எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். முறையாகச் சுத்தம் செய்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, காலுக்கு ஓய்வு கொடுத்தும் இரண்டு மூன்று மாதத்தில் சுருங்காத புண்ணுக்கு அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் கேட்கலாம். வேறு எந்தக் காரணமும் இல்லாத புதுப்புண்ணுக்குக் கெடு நான்கு வாரம்.

எண்ணெய்த்தேமல் என்று ஏமாற்றும் ஒன்று

பிட்டம், தொடையின் மேல்பகுதி, இடுப்பு போன்ற மூடிய இடங்களில் வெளிறிய திட்டுகள் வரும். தேமல் மருந்துக்கு அடங்காது. உணர்ச்சி இருக்கும், ஆனால் அதை மட்டும் வைத்துத் தொழுநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இது மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் லிம்போமாவாக (தோலில் வரும் நிணநீர்ச் செல் புற்று) இருக்கலாம். கறுத்த தோலில், இளம் வயதிலேயே, இப்படி வெளிறிய வடிவில் வருகிறது. மெதுவாக நகரும் நோய். ஆரம்பத்தில் பிடித்தால் ஒளி சிகிச்சைக்கே பெரும்பாலும் கட்டுப்படும்.

பயப்பட வேண்டாதவை

நடுவயதில் கன்னத்திலும் கழுத்திலும் வரும் குட்டிக் கறுப்பு முண்டுகள், மெழுகை ஒட்டிவைத்ததுபோல் முதுகில் தோன்றும் சொரசொரப்பான பழுப்புத் திட்டுகள், அக்குளில் தொங்கும் மரு, கன்னத்து மங்கு இவை புற்றல்ல. ஆனால் அழகுக்காக எடுக்கப் போகும்போது ஒரு தவறு நேர்கிறது: என்னவென்று பார்க்காமலே லேசரிலோ மின்சூட்டிலோ பொசுக்கிவிடுகிறார்கள். பொசுங்கியதைப் பரிசோதிக்க முடியாது. முதலில் தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும், அதன்பின் எடுக்கலாம். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது, தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது, ஆசிட் தொடுவது எல்லாம் இதைவிட மோசம். மேலே கருகி ஆறியதுபோல் காட்டி, அடியில் வளர விடும். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் அப்படித்தான். சிவப்பையும் அரிப்பையும் தணித்து, நாளைத் தின்றுவிடும்.

பயாப்சி பற்றி

கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் எத்தனையோ பேரின் நல்ல நாட்களை வீணாக்கியிருக்கிறது. பயாப்சியால் தோல் புற்று பரவுவதில்லை; காத்திருப்பதால்தான் பரவுகிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு, 4 மி.மீ. வட்டத் துண்டு எடுத்து ஒரு தையல் போடுவார்கள். அரைமணி நேர வேலை. மெலனோமா சந்தேகம் என்றால், முடிந்தவரை முழுத் திட்டையும் சுற்றிலும் சுமார் 2 மி.மீ. நல்ல தோலோடு எடுப்பதே சரி, ஏனென்றால் ஆழத்தை அளக்க முழுத் தடிமனும் வேண்டும். பெரிய புண் என்றால் விளிம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எடுக்க வேண்டும். நடுவில் மட்டும் எடுத்தால் செத்த சதைதான் கிடைக்கும். புற்று இல்லை என்று தவறாக வரும். ரிப்போர்ட்டில் இல்லை என்று வந்தும் புண் வளர்ந்துகொண்டே இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

வெட்டி எடுத்த எதுவும், அது வெறும் மருவாகத் தோன்றினாலும், ஃபார்மலின் குப்பியில் போய் நோயியல் பரிசோதனைக்குச் சேர வேண்டும். குப்பியில் பெயரும் எடுத்த இடமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ரிப்போர்ட்டில் மெலனோமா என்று இருந்தால் முதலில் தேட வேண்டியது, புற்று தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று காட்டும் பிரெஸ்லோ தடிமன் என்ற எண். 1 மி.மீ.க்குள் என்றால், சுற்றிலும் 1 செ.மீ. விட்டு மறுபடி வெட்டுவதோடு பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். தடிமன் 2 மி.மீ.யைத் தாண்டினால் 2 செ.மீ. விட்டு வெட்டுவார்கள், அருகிலுள்ள நிணநீர்க் கணுவையும் சோதிப்பார்கள். பேசல், ஸ்குவாமஸ் வகைகளில் வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவும் நோயியல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும். பயாப்சிக்கு அதுவே எளிய வழி. புற்று உறுதியானால் சென்னையில் 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். இலங்கையில் மகரகமவும் தெல்லிப்பழையும் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள்.

கூடுதல் கவனம் யாருக்கு

சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்பு கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள், பிறவியிலேயே நிறமற்ற வெண்தோல் கொண்டவர்கள் மாதச் சோதனையோடு வருடம் ஒரு முறையாவது தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிறமற்றவர்களுக்கு வெயில் உண்மையிலேயே எதிரி: முழுக்கை, அகல விளிம்புத் தொப்பி, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கி, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுங்கள். ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரையோ, முறையாகத் தயாரிக்காத பாஷாண மருந்துகளையோ பல ஆண்டு உட்கொண்டவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் மழைத்துளி போன்ற கெட்டி முண்டுகள் வரும். அவற்றிலும் ஸ்குவாமஸ் புற்று தோன்றும்.

உறவுக்குள் திருமணம் செய்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குள் குழந்தையின் முகத்தில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு விழுகிறது, வெயிலில் கண் கூசி அழுகிறது, சிறிது நேர வெயிலே தோலைச் சுடுகிறது என்றால் ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோயா என்று கேட்க வேண்டும். கதிரால் உடையும் டிஎன்ஏவைச் சரிசெய்யும் திறன் இந்தக் குழந்தைகளுக்கு இல்லை; பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்று வரலாம். நோயைச் சீக்கிரம் அறிந்து பகல் வெளிச்சத்திலிருந்து கண்டிப்பாகக் காத்தால் புற்றுகளைப் பெருமளவு குறைக்க முடியும்.

சிகிச்சை முடிந்தவர்கள் மாதச் சோதனையில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலில் இருந்தவர்கள் தொடையிடுக்கையும், கையில் இருந்தவர்கள் அக்குளையும், முகத்திலும் தலையிலும் இருந்தவர்கள் கழுத்தையும் விரல்களைத் தட்டையாக வைத்து வட்டமாகத் தடவிப் பார்க்க வேண்டும். வலியில்லாத, கெட்டியான, கோலிக்குண்டு போன்ற நெறி தட்டுப்பட்டால் அடுத்த தவணைத் தேதிவரை காத்திராமல் போங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டையும், மருத்துவமனையில் கேட்டு வாங்கிய ஸ்லைடு, வெட்டி எடுத்த சதையைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.